தகரம்

ராட்டர்டாமில் பிப்ரவரி.
கிளப்பின் மது அறையைப் பூட்டிவிட்டார்கள்,
ஹீட்டரையும் அணைத்துவிட்டார்கள்.
என்னையும் சேர்த்துப் பதினோரு பெண்கள்,
கோட்டைக் கழற்றாமல்.
குறிப்பெழுதுவது நான்:
சங்கத்தின் பாதிநேரச் செயலர்,
ஒருகாலத்தில் உலகத் தரவரிசையில் நூற்றுப் பன்னிரண்டு.

முதலில் கணக்கு.
நடுவர்களுக்கு நாம் தர வேண்டிய பாக்கி,
பந்து கம்பெனி நமக்குத் தராத பாக்கி.
இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்றாள்
பொருளாளர் குவென்லியன்.
யாரும் சிரிக்கவில்லை.

அடுத்தது தகரம்.
முன்சுவரின் அடியில் ஓடும் பட்டை,
பந்து பட்டால்
பாத்திரக்கடையில் எருமை புகுந்த சத்தம் வருமே, அது.
ஆண்களுக்கு உள்ள உயரத்துக்கு
நம்முடையதையும் இறக்குவது, இரண்டு அங்குலம்.
"ஓடி ஓடி முட்டி தேயும்" என்றாள் மாய்க்கே.
"தேயட்டும்" என்றாள் அலெக்சாந்திரியாவின் சொந்தோஸ்.
அவள் முட்டிக்குப் பத்தொன்பது வயது.
நிறைவேறியது.

மூன்றாவதற்குத்தான் இத்தனை பேர் வந்தது:
ஆண்கள் சங்கத்தோடு இணைவது.
ஒரே அலுவலகம், ஒரே நாட்காட்டி,
கண்ணாடிக் கோர்ட்டில் நமக்கும் மாலை ஆட்டம்.
நிர்வாகக் குழுவில் நமக்கு இடம்?
'தகுந்த அளவில்' என்றது அவர்கள் அனுப்பிய தாள்.
அது நாற்காலியா, முக்காலியா
என்று கேட்டாள் குவென்லியன்.

பின்வரிசையில் யித்கா,
தரவரிசை எழுபத்தொன்று,
பில்சனிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவள்,
கை தூக்காமலே பேசினாள்:
"புள்ளிகளைக் கூட்டி
ஆடிய போட்டிகளால் வகுக்கிறீர்கள்.
எட்டுக்குக் குறைவாக ஆடினாலும் எட்டால்தான்.
ஜூலையில் எனக்குக் குழந்தை பிறக்கும்.
அதை எதால் வகுப்பீர்கள்?"

கீழே கோர்ட்டில் யாரோ
தனியே பந்தைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள்.
டப். டப்.
விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
'காயம்' என்றொரு பத்தி இருந்தது.
அதற்குள் அவளை நுழைத்துப் பார்த்தேன்,
கொள்ளவில்லை.
புதியவர்களின் புத்தகத்தில் இருக்கலாம் என்றாள் மாய்க்கே.
இருக்கலாம்.

ஆதரவு ஆறு, எதிர்ப்பு மூன்று,
கையை மடியிலேயே வைத்திருந்தவள் ஒருத்தி.
இரவு ஒன்பது நாற்பதுக்குச் சங்கம் முடிந்தது,
நாற்காலிகளை நாங்களே அடுக்கினோம்.

'கேள்வி பதிவு செய்யப்பட்டது' என்று எழுதியிருந்தேன்.
அடித்துவிட்டு,
பாக்கிப் பட்டியலுக்குத் திரும்பி
நடுவர்களுக்குக் கீழே அவள் பெயரை எழுதினேன்.
தொகைக்கு நேரே வெற்றிடம்.

பத்து மணிவரை இரண்டாம் கோர்ட்
சங்கத்தின் பெயரில்தான் இருந்தது.
வாடகை கட்டியாகிவிட்டது.
யித்கா கோட்டைக் கழற்றினாள்.