மதியச் சாப்பாடு தனி

அந்தமானுக்குக் கூட்டிப்போகிறேன் என்று
கல்யாணமான வருஷம் சொன்னது.
பத்தாவது வருஷம்
தலைக்கு அறுநூற்றைம்பது கொடுத்து
பம்பாய் தரிசனம் டிக்கெட் இரண்டு வாங்கிவந்தேன்.
இதுவும் தீவுதானே என்றேன்.
ஜெபராணி பதில் சொல்லாமல்
டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள்.
பின்பக்கம் பொடி எழுத்தில்:
மதியச் சாப்பாடு தனி. நுழைவுக் கட்டணம் தனி.
மழைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.

தாதரில் ஏழரை என்றார்கள்,
பஸ் ஒன்பதே காலுக்கு வந்தது.
ஏசி என்றால் தலைக்கு மேல் ஒரு துளை.
காற்று வரவில்லை, தண்ணீர் சொட்டியது.
புளிசாதத் தூக்கின் மூடியைக் கழற்றி
அதற்கடியில் பிடித்துக்கொண்டாள்,
மஜ்காவ் வரைக்கும்.

வழிகாட்டி பெயர் நிதின் கோர்படே.
மைக்கில் பாதி அவர் குரல், பாதி இரைச்சல்.
இடதுபக்கம் பாருங்கள் என்பார்;
நாம் திரும்புவதற்குள்
அது பின்பக்கம் ஆகியிருக்கும்.
கேட்வேயில் நிறுத்த இடமில்லை,
மெதுவாக ஓட்டுவோம் என்றார்.
ஓட்டவில்லை.
மீன் காட்சிசாலையில் பூட்டு.
அந்தப் பூட்டையும் படமெடுத்துக்கொண்டார்
நாக்பூரிலிருந்து வந்த ஒருவர்.
தொங்கும் தோட்டத்தில் எதுவும் தொங்கவில்லை.
நடிகர் வீடு என்று காட்டியது ஒரு கேட்,
கேட்டுக்கு முன்னால் ஒரு வாட்ச்மேன்.
அவன் எங்களைப் பார்த்தான்,
டிக்கெட் இல்லாமல்.

ஐம்பது நிமிஷம் நின்றது ஒரே இடத்தில்தான்,
நிதினின் மச்சான் சிக்கி விற்கும் கடை.
கோவில்பட்டி மிட்டாய் கடித்த பல்லுக்கு
அது இனிக்கிற ஓடு.
ஆனாலும் இரண்டு பொட்டலம் வாங்கினோம்.
வாங்காமல் பஸ் கிளம்பாது போலிருந்தது.

மூன்று மணிக்கு மழை பிடித்தது.
ஜன்னலில் எதுவும் தெரியாமல் போனபிறகு
நிதின் மனப்பாடமாய் ஒப்பித்தார்:
இந்த நகரம் ஒரு காலத்தில் ஏழு தீவு,
கடலைத் தூர்த்து ஒன்றாக்கினார்கள்.
ஜெபராணி என் விலாவில் இடித்தாள்.
"ஒட்டினது எங்கேயாம்? கேளுங்க.
ஒட்டுப்போட்டா தடம் தெரியாமலா இருக்கும்?"
ஆல்டரேஷன் கடை வைத்திருப்பவள்.
எந்தச் சட்டை வந்தாலும்
முதலில் உள்பக்கத்தைத்தான் பார்ப்பாள்.
எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன்.
நிதின் மைக்கைத் தட்டிப் பார்த்து
வேலை செய்யவில்லை என்றார்.

ஹிந்த்மாதாவில் பஸ் நின்றுபோனது.
முதல் படி முழுகியது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது.
ஒற்றைச் செருப்பு, தெர்மாகோல், ஒரு முழுத் தேங்காய்
எல்லாம் ஒரே திசையில்
அவசரமில்லாமல் போயின.
காலையிலிருந்து வாய் திறக்காத டிரைவர்
என்ஜினை அணைத்துவிட்டு
பான் குதப்பியபடி திரும்பினார்.
"பாபிஜி, ஒட்டு எங்கேன்னு கேட்டீங்களே. இதுதான்.
அந்தப் பக்கம் பரேல் தீவு, இந்தப் பக்கம் மாஹிம்.
நடுவில் இது தண்ணியோட பழைய பாதை.
வருஷா வருஷம் வந்து பார்த்துட்டுப் போகும்."
யார் சொன்னது என்றேன்.
"யாரும் சொல்லலை.
இருபது வருஷமா இதே இடத்துலதான் நின்னுபோறேன்."

அவள் எழுந்து படிவரை போனாள்.
கம்பியைப் பிடித்துக் குனிந்து
அந்தப் பழுப்புத் தண்ணீரை
தையல் பிரிந்த கைக்குழியைப் பார்ப்பதுபோல்
வெகுநேரம் பார்த்தாள்.
"சரியான இடத்துலதான் பிரியுது," என்றாள்.
நாள் முழுக்க அவள் முகத்தில் இல்லாதது
அப்போது இருந்தது.

இனி பஸ் நகராது என்றார்கள்.
பணம் திரும்பாது என்பதை நிதின் சொல்லவில்லை,
டிக்கெட்டைத் திருப்பிக் காட்டினார்.
புளிசாதத்தை நின்றபடியே தின்று முடித்து
இடுப்பளவில் இறங்கினோம்.
சிக்கிப் பொட்டலங்களைத் தலையில் வைத்து
அவள் முன்னால் நடந்தாள்.
"நம்ம வீடு இருக்குறது எந்தத் தீவு?"
திரும்பாமலேயே கேட்டாள்.
ஆண்டாப்ஹில்லில் பதினோரு வருஷமாய்
வாடகை கட்டுகிறேன்.
தெரியவில்லை.