பதினான்காம் வளைவில் பாட்டில்லை

ஒன்பது தடவை பார்த்தவள் நான்.
பதினொன்று என்றார் ஜமுனா பாய்.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைக்கும் ஃபைரோஸ்
எண்ணவில்லையாம்.
டிக்கெட்டுகளை அரிசி டப்பாவில் போட்டுவைத்திருக்கிறான்,
அம்மா அளக்கும்போது
ஆழாக்கோடு ஒன்றிரண்டு வந்துவிடுமாம்.

அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட் கடை முன்னால்தான்
பேச்சு ஆரம்பித்தது.
ஆட்டம் முடிந்து அரங்கு காலியாகி
வாட்ச்மேன் விசில் அடித்த பிறகும்
வீட்டுக்குப் போக மனமில்லாத ஏழு பேர்.
காரச் சட்னி விரலில் வழிய
கண்டக்டராக வருபவன் இரண்டாம் பாட்டில்
எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறான் என்று சண்டை.
"'தீப்பெட்டி ஊரே'வுக்கு முன்னாடி."
"பின்னாடிங்க. நான் அவன் கழுத்தையே பார்த்துட்டிருந்தேன்."
கேரட் துருவிக்கொண்டிருந்த கடைக்காரர் கையை நிறுத்தினார்:
"யாருக்குங்க மூச்சு முட்டுது?"

நாடகத்தின் பெயர் 'இருபது வளைவு'.
ஏற்காட்டுக்குக் கடைசி பஸ், ஒரு கண்டக்டர்,
எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் ஒரு நர்ஸ்,
வளைவுக்கு ஒரு பாட்டு.
அவ்வளவுதானா என்றார் என் வீட்டுக்காரர்.
அவ்வளவுதான்.
மேடையில் பஸ்கூடக் கிடையாது,
பதினாறு நாற்காலி, ஒரு ஸ்டியரிங்.
எல்லோரும் ஒருசேரச் சாய்வார்கள்,
கீழே நாமும் சாய்ந்துவிடுவோம்.
அப்படித் தோளில் இடித்துத்தான்
ஜமுனா பாய் எனக்குப் பழக்கம்.

கடைசி ஆட்டத்துக்கு அடுத்த ஞாயிறு
பதிமூன்று பேர் வேன் பிடித்தோம்.
லீ பஜாரில் மஞ்சள் மூட்டை எடை போடும் பச்சியப்பன்
முன் சீட்டில், பலகை பார்த்து எண் சொல்ல.
டிரைவர் அங்கமுத்து நாடகம் பார்த்தவரில்லை.
"கல்யாணமா?"
இல்லைங்க.
"கோயிலா?"
இதற்குச் சட்டென்று யாராலும் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

முதல் வளைவில் கூச்சம்.
இரண்டில் கொஞ்சம் குரல் வந்தது.
ஐந்தில் மதில்மேல் குரங்குகள் எங்களை மதிக்கவில்லை.
ஏழாம் பாட்டை ஸ்டெல்லா டீச்சர் யாருக்கும் தரவில்லை,
பாறையில் மோதித் திரும்பியது அவர் குரல்.
ஒன்பதில் ஃபைரோஸின் அக்கா மகன் வாந்தி.
பாட்டு நிற்கவில்லை,
எலுமிச்சம்பழம் தாளத்தோடு கைமாறிப் போனது.
பன்னிரண்டும் பதிமூன்றும் எங்களில் ஒருவருக்கும் பிடிக்காதவை.
அவற்றைத்தான் தொண்டை கிழியப் பாடினோம்.

பதினான்கு.

இங்கே மேடையில் பாட்டில்லை.
நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுப்பாள்.
கண்டக்டர் சில்லறை எண்ணுவான்.
வயலின்காரர் வில்லை மடியில் வைத்துவிடுவார்.
ஒரு வளைவு முழுக்க அப்படியே.
ஒன்பது தடவையும் நான் அழுத இடம்.

வேன் சட்டென்று அடங்கியது.
ஜன்னலில் டீசலும் ஈர மண்ணும்.
கண்ணாடியில் எங்களைப் பார்த்த அங்கமுத்து
ஓரங்கட்டி நிறுத்தினார்.
"என்னாச்சு? யாருக்கு என்ன?"
பதில் சொன்னால் வளைவு கலைந்துவிடும்.
பதிமூன்று பேரும் அவரையே பார்த்தோம்.
அவர் எஞ்சினை அணைத்தார்.

கீழே சேலம்.
வெள்ளைக்கல் குவாரி மங்கிக்கொண்டு வர
பைபாஸில் விளக்குகள் அவசரமில்லாமல் எரிய ஆரம்பித்தன.
நாங்கள் பேசவில்லை.
அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது,
சட்டைப் பையில் கைவிட்டு
சில்லறையை எடுத்து
எண்ணத் தொடங்கினார்.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக.

ஜமுனா பாய் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில்
வளையல் ஒன்று நெளிந்தது.
முப்பத்தேழு ரூபாய் இருந்தது என்று நினைக்கிறேன்,
அவர் உதடு அசைந்ததை வைத்து.
பிறகு சாவியைத் திருப்பினார்.
"பதினஞ்சு," என்றார் பச்சியப்பன்,
எடை சொல்கிற குரலில், ஆனால் உடைந்து.
நாங்கள் எடுத்த சுருதி தப்பு.
திருத்திக்கொள்ளவில்லை.

ஏரிக்கரையில் இறங்கி
மிளகாய் பஜ்ஜிக்கு வரிசையில் நிற்கும்போது
ஜமுனா பாய் மெல்லக் கேட்டார்:
இதையும் கணக்கில் சேர்த்துக்கலாமா?
சேர்த்துக்கோங்க, உங்களுக்குப் பன்னிரண்டு.
எனக்குப் பத்து.