கடைசி மூன்று அசைகள்

மோர் என்றால் கடல், அவன் மொழியில்.
பால் லாரி ஓட்டுகிறவன், பெயர் கூல்வென்.
அதிகாலை மூன்று மணிக்குப் பண்ணை பண்ணையாகக்
குழாய் மாட்டி உறிஞ்சிப் போகிறவன்
இந்தச் சொல்லை மட்டும் உப்பாக வைத்திருந்தான்.
'நாங்கள் இதைக் குடிப்போம்' என்று சிரித்தேன்.
'நாங்களும்தான், விழுந்தால்' என்றான்.

விழுந்தால் குடிக்கிற கடலை
முதல் வரியாகக் குறித்துக்கொண்டேன்.
பாரிஸிலிருந்து ரயிலேறியபோது
பையில் பதினாறு பாட்டு.
கேட்டவர்கள் முந்நூறு பேர்,
பாதி சொந்தக்காரர்.
புதிய காதுகள் கிடைக்கும் என்று
காசு கொடுத்த அம்மணி
சுவரொட்டியில் யானை ஒன்று, கலங்கரை விளக்கம் ஒன்று,
நடுவில் பெருக்கல் குறி போட்டிருந்தாள்.
யானையை எடுங்கள் என்றேன்.
எடுத்தாள். மயில் வந்தது.

வந்தது மழையும்.
ரோஸ்ட்ரெனெனில் அவன் சமையலறையில் நாலு நாள்,
மேசையெல்லாம் ரொட்டித்துகள்.
அவர்கள் முறை இப்படி:
ஒருவர் பாட, அடி முடியுமுன்
கடைசி மூன்று அசையில் மற்றவர் தொற்றிக்கொள்வார்.
அந்த அடியையே திரும்பப் பாடித்
தன் வால் மூன்று அசையை நீட்டுவார்.
மூச்சு விட இடமுண்டு, மௌனத்துக்கு இல்லை.
'எங்களிடம் இதற்கு உறவாக ஒன்று, அந்தாதி' என்றேன்.
மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதோடு சரி,
அதன்மேல் கால் வைத்து ஆடலாம் என்று
யாரும் சொன்னதில்லை எனக்கு.

எனக்குத் தீ. அதே ஒலி அவனுக்கு வீடு.
அவனுக்குத் தீ, 'தான்'.
அகராதியை மூடிவிட்டுப் பாடினோம்.
தீ, தீ, என்று மூன்று தரம் இழுத்தான்,
அடுப்பும் நாயும் காத்திருக்கிற குரலில்.
நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
அப்போது கேட்கவில்லை. பாத்திரம் கழுவும்போது கேட்டான்.
ஓட்டு வீடு, முன்னறையில் ஆர்மோனியம்,
எல்லாவற்றையும் ஒரே வரியில் சொன்னேன்.
அந்த வரியைப் பாட்டில் சேர்க்கவில்லை.

சேர்க்காத வரியோடு சனிக்கிழமை இரவு, மண்டபம்.
நாற்காலி இல்லை.
எனக்குப் பழக்கம் முதல் வரிசைப் பிரமுகர்,
பொன்னாடை, நடுவில் ஒலிவாங்கியைத் தட்டிப்பார்க்கும் ஒருவர்.
இங்கே சுண்டுவிரல் கோத்து இருநூறு பேர்
ஒரே பாம்பாய்ச் சுழல்கிறார்கள்,
பாதி நேரம் எனக்கு முதுகு.
யாருக்குப் பாடுகிறேன்?
மரத்தரை சொன்னது: காலுக்கு.

காலுக்குப் பிசகவில்லை. எனக்குப் பிசகியது.
'லா ஷபெல்லில் ஜூலை வெயில்,
பிளாஸ்டிக் கோப்பையில் ஒரு யூரோ மோர்'
அடுத்தது என்ன? துடைத்துவிட்டது போல.
வாயில் மோர் மட்டும். அதையே நீட்டினேன், நீட்டி
மோர்... என்று அவன் குதித்தான்
என் மூச்சு முடியுமுன்னே,
என் கோப்பையில் இருந்து அவன் கடலுக்குள்.
படகும் பாறையும் ஏதேதோ பெண் பெயரும்
பிரெத்தோனில் கொட்டின.
தரை ஒரு தட்டும் தவறவில்லை.

வாசலோரம் நவநீதன்,
லூதேயாக்கில் இறைச்சித் தொழிற்சாலை வேலை,
இரண்டு பிள்ளைகளோடு ஓரமாக நின்றவன்,
'மோரா? எங்கே மோர்?' என்று கத்திவிட்டான்.
பக்கத்தில் வந்த தபால்காரி
அதை அழைப்பென்று நினைத்தாளோ என்னவோ,
அவன் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்துப் போனாள்.
பிள்ளைகள் வெட்கத்தில் செத்தார்கள்.
இரண்டாம் சுற்றில் அவர்களும் சங்கிலியில்.

விடிய இன்னும் நேரமிருந்தது.
உறையில் இருநூற்று நாற்பது யூரோ, பாதி பாதி.
உறக்கம் வராமல் லாரியில் ஏறிக்கொண்டேன்.
'மறந்த வரி என்ன?' என்றான், கியர் மாற்றியபடி.
சொன்னேன்.
'மறந்தே இரு' என்றான்.
மூன்றாவது பண்ணையில் அவன் குழாய் மாட்டும்போது
அம்மணியின் குறுஞ்செய்தி:
பாட்டுக்குப் பெயர் வேண்டும், இன்றே, இரண்டு மொழியிலும்.
இரண்டுக்கும் போதுமென்று ஒன்றே அனுப்பினேன்,
மோர்.