தாமதத்துக்குக் காரணம்

பதினோராவது பாராவில்
செய்யும் தொழிலின் தன்மை என்று கேட்டிருக்கிறது.
போன வருசம் எழுதியதையே எழுதுகிறேன்:
பயணிகளைப் பூங்காவுக்குள் வேனில் அழைத்துப்போய்த்
திரும்பக் கொண்டுவருதல்.
‘திரும்ப’வில் மட்டும் மை கொஞ்சம் தடித்துவிட்டது.

ஆண்டு அனுமதிக்கு எட்டாயிரம்.
வைப்புத்தொகை பதினைந்தாயிரம்,
அது சம்சாரத்தின் தோடு.
புகைச்சான்று, தகுதிச்சான்று,
இருபது ரூபாய்ப் பத்திரத்தில் உறுதிமொழி,
அதை டைப் அடிக்க நூற்றியிருபது.
வண்டி உள்ளே போக ஒரு சீட்டு,
ஆளுக்கொரு சீட்டு,
கேமராவுக்குத் தனிச் சீட்டு.
“கண்ணுக்கு இன்னும் போடலீங்க”
எனக்கு முன்னால் நிற்கும் திருமலைசாமி சொல்கிறான்.
ஜன்னலுக்கு அந்தப்பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் முப்பத்தொன்று வரை செல்லும்.
பிப்ரவரி பாதியிலேயே
தீக்காலம் என்று கேட்டை மூடிவிடுவார்கள்.
மூடிய நாட்களுக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறேன்.
“கடையை அடைச்சாலும் வாடகை வாடகைதானே”
என்கிறார் ஜெபராணி மேடம்.
கடையும் என்னுது இல்லீங்க,
சரக்கும் என்னுது இல்லீங்க
என்று சொல்ல வாயெடுத்து
ஆதார் நகலை நீட்டினேன்.

சரக்கு என்னவென்று எனக்கே தெளிவில்லை.
புலியைக் காணோம், பணத்தைத் திருப்பிக் கொடு என்று
ஈரோட்டு மஞ்சமண்டிக்காரர் ஒருவர்
சாவடியில் மல்லுக்கு நின்றார்.
சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம்.
நுழைவு என்றுதான் போட்டிருந்தது.

மேடம் பக்கத்தைப் புரட்டுகிறார்.
கடந்த ஆண்டு விதிமீறல்கள்:
அக்டோபர், ஞாயிறு,
ஆறு மணிக்கு வெளியேற வேண்டிய வாகனம்
ஆறு இருபத்தாறுக்கு.
அபராதம் ஐந்நூறு.
காரணம்: யானை.

எல்லாரும் யானை என்றுதான் எழுதுவோம்.
பஞ்சர் என்றால் தகுதிச்சான்றைக் கேட்பார்கள்.
யானையிடம் எதைக் கேட்பது?

அன்றைக்கு யானை இல்லை.
திருப்பூரில் இருந்து ஒன்பது பிள்ளைகள்,
ஒடிசாக்காரிகள், பனியன் கம்பெனி.
பத்தும் இருபதுமாகச் சேர்த்து
என் கையில் எண்ணி வைத்தவர்கள்.
ஒரு கடமான்கூட எட்டிப் பார்க்கவில்லை.
கடைசி சீட்டில் ஒருத்தி
கேட்டைத் தாண்டும் முன்னமே தூங்கிவிட்டாள்.
ரெண்டு சிப்டு, அவசர ஆர்டர் என்று
பக்கத்துப் பெண் அரைத்தமிழில் சொன்னாள்.
புருவத்தில் வெள்ளையாக நூல் தூசி.
ஒவ்வொரு வேகத்தடையிலும்
ஜன்னல் கம்பியில் தலை இடித்தது.
விழிக்கவில்லை, முகம் மட்டும் சுளித்தது.

மூங்கில் வளைவில் எஞ்சினை அணைத்தேன்.
விதி ஒன்பது: நிறுத்தக்கூடாது.
விதி பத்து: இறங்கக்கூடாது.
இறங்கவில்லை.
ஏதோ தெரிகிறது போல என்று எட்டுப் பேரும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார்கள்.
நான் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன்.
வாய் லேசாகத் திறந்திருந்தது.
மூங்கில் ஒன்றோடொன்று உரசியது,
அப்புறம் அதுவும் நின்றது.
இத்தனை வருசத்தில் இந்தக் காட்டுக்குள்
என் வண்டி அப்படி நின்றதில்லை.

“அதே வளைவுல, அதே யானை
மூணு வண்டிக்கு வந்திருக்கு.”
மேடம் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்க்கிறார்.
“பெரிய யானையோ?”
“தூங்கீட்டு நின்னுதுங்க” என்றேன்.
வாயில் வந்தது அதுதான்.

மேசைக்கு அடியில்
செருப்பைக் கழற்றிய காலை மறுகாலால் தேய்த்தபடி
முத்திரையை மைப்பெட்டியில் ரெண்டு தரம் அழுத்தினார்.
தேதி சாய்வாக விழுந்தது.
சலானில் மஞ்சள் நகல் எனக்கு.
“அடுத்து யாரு?”

வெளியே வெயிலில் வேன் நிற்கிறது.
கடைசி சீட்டு ஜன்னல் கம்பிக்கு
பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றியிருக்கிறேன்.
தகுதிச்சான்று ஆய்வில் கேட்டார்கள், இது எதுக்கு என்று.
கம்பி ஆடுதுங்க என்றேன்.