இருபத்தைந்து கிலோ

முஹர்ரக் சந்தில் அந்த ஷட்டர்
எப்போதும் பாதிதான் ஏறியிருக்கும்.
குனிந்து நுழைந்ததும் ஷௌகத் கேட்டார்,
என்ன சைக்கிள் என்றல்ல,
என்ன சுமை என்று.

இருபது லிட்டர் தண்ணீர் கேன், சில நாள் இரண்டு.
முட்டை அட்டைகள்.
குபூஸ். அதற்கு எடையே இல்லை,
நசுங்கினால் மட்டும் என் கணக்கில் ஏறும்.
ஆகஸ்டில் ஐஸ்கிரீமும் உண்டு,
அதைச் சுமப்பதில்லை,
அதோடு பந்தயம் ஓடுவது.

கூரைக் கொக்கிகளில் கூடைகள் ஆடின.
கம்பிக்கூடை ஒன்றின் கண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன்:
எலுமிச்சை நிற்கும், பச்சைமிளகாய் ரோட்டுக்குப் போகும்.
அடியில் அட்டை போட்டுக்கொள் என்றார்.
பிளாஸ்டிக்கைத் தொடவே விடவில்லை,
ஒரு கோடை, அப்புறம் அப்பளம்.

"முன்னால் பாரம் ஏற்றினால்
ஹேண்டில் உன் பேச்சைக் கேட்காது.
பின்னால் மட்டும் ஏற்றினால்
வேகத்தடையில் முன்சக்கரம் சலாம் போடும்."
அவர் இந்தியில் சொன்னதை
என் இடுப்பு எனக்குத் தமிழில் சொன்னது.

அலுமினிய கேரியர் ஒன்று,
சீட்டுத் தண்டை மட்டும் பிடித்துத் தொங்குவது,
லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு அழகு.
இன்னொன்று இரும்பு.
இரண்டு கால்களும் அச்சுவரை இறங்கி
தரையை நம்புகிற மாதிரி நின்றது.
25 கிலோ என்று பொறித்திருந்ததைக் காட்டினேன்.
ஷௌகத் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றார்.
எண்பத்தெட்டு கிலோ ஆள்.
"அது எழுத்து, இது வெல்டிங்."

மொய்தூட்டிக்காவுக்குப் போன் போட்டேன்.
கூடைக்குத் தரலாம், கேரியரெல்லாம் ஆடம்பரம்,
கயிறு இல்லையா கடையில்?
அதனால் பில் இரண்டானது:
கூடை கோல்ட் ஸ்டோர் பெயரில்,
கேரியர் நாலரை தினார், என் பெயரில்.
என் பெயரை அவர் தப்பாக எழுதினார்.
திருத்தச் சொல்லவில்லை.

சைக்கிள் அவருடையது, கூடை அவருடையது,
விசா அவருடையது.
சீட்டுக்குப் பின்னால் ஒன்றரை அடி இரும்பு
என்னுடையது.
தலைக்குமேல் சக்கரம் நீட்டி விமானங்கள் இறங்கும்.
அதற்கு முப்பது கிலோ கணக்கு;
ரூமில் தனராசு கைத்தராசில் தூக்கித் தூக்கி
பால்பவுடரை எடுப்பான், வைப்பான், எடுப்பான்.
என் கேரியரில் நாற்பது போனது,
ஒருமுறை மூன்றாம் மாடி சூடான் வாத்தியாரின்
வாஷிங் மெஷினே போனது,
நான் பக்கத்தில் நடந்தேன், அவர் பின்னால் பிடித்தார்,
இருவருக்கும் தெரிந்த நான்கு அரபிச் சொற்களில்
மெதுவா என்பதும் ஒன்று.

ஜனவரியில் ஸ்கூட்டர் வந்தது.
அதோடு லைசென்ஸ் உள்ள பையன்.
என்னை அலமாரிக்கு அனுப்பினார்கள்,
தேதி முடிந்த தயிரைப் பின்னுக்குத் தள்ளாமல் முன்னுக்கு வைக்க.
சைக்கிள் காலி கேஸ் சிலிண்டர்களோடு சாய்ந்து நின்றது.
பழைய இரும்புக்காரன் வியாழக்கிழமை வருவான்.

புதன் இரவு கடை மூடியபின்
பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு உட்கார்ந்தேன்.
மூன்று போல்ட் வந்தன.
நான்காவதைக் கடல்காற்று கடித்துவைத்திருந்தது.
நூறு ஃபில்ஸ் கோக் வாங்கி, பாதி அதற்கு ஊற்றி,
மீதியை நான் குடித்துக்கொண்டே காத்திருந்தேன்.

தோளில் மாட்டி நடந்தபோது
வாத்தியார் பால்கனியிலிருந்து கேட்டார்,
சைக்கிள் எங்கே?
மெதுவா, என்றேன்.
வேறு சொல் கிடைக்கவில்லை.

இரண்டு வாரம் அது என் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.
தனராசு அதில் துண்டு காயப்போட்டான்.

வெள்ளிக்கிழமை.
பாதி ஷட்டர்.
குனியும்போது கேரியர் முதலில் நுழைந்தது.
என்ன சுமை, என்றார் ஷௌகத் தலை நிமிராமலே.

சுமை இன்னும் முடிவாகவில்லை பாய்,
இதற்குப் பொருந்துகிற மாதிரி
ஒரு சைக்கிள் காட்டுங்கள்.