மறை இருபது

சம்மாந்துறை மில்லில் இரவு வேலை.
வண்டி வராத நேரமெல்லாம்
ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கம் என்னுடையது.

எக்ஸின் மடக்கையும்
எக்ஸோடு பதினைந்தைக் கூட்டி எடுத்த மடக்கையும்
சேர்ந்தால் இரண்டு. அடி பத்து.

இங்கே கூட்டல், பெருக்கல் உடுத்திய வேறு உடுப்பு.
இரண்டு மடக்கையையும் ஒன்றாக்கி
ஒரே அடைப்புக்குள் தள்ளினேன்.
பத்தின் இரண்டாம் அடுக்கு நூறு.
மடக்கை கழன்று விழுந்தது உமிபோல.
மிச்சம் கிடந்தது வெறும் இருபடிச் சமன்பாடு:
பெருக்கினால் நூறு, வித்தியாசம் பதினைந்து.
இருபதும் ஐந்தும்.
ஆகவே எக்ஸ் ஐந்து,
அல்லது மறை இருபது.

சென்ற முறை பேனையை மூடியது இந்த இடத்தில்தான்.
இரண்டு விடை, இரண்டின் கீழும் கோடு.
மண்டபத்தில் முதலில் எழும்பியவள் நான்.

இப்போது முதல் வரிக்குத் திரும்பிப் போகிறேன்.
ஐந்தை வைத்தால், ஐந்தும் இருபதும், நூறு. சரி.
மறை இருபதை வைத்தால்
பத்தை எவ்வளவு அடுக்கினாலும்
எத்தனை தடவை வகுத்தாலும்
பூச்சியத்துக்குக் கிட்டக் கிட்டப் போகுமே தவிர
அதற்குக் கீழே கால் வைக்காது.

அந்த விடையில் கள்ளம் இல்லை.
மடக்கையைக் கழற்றிய வரியில்
வாசல் காவலையும் கழற்றிவிட்டேன்,
திறந்து கிடந்ததால் வந்தது.

மழை விட்டிருந்தது.
தராசு மேடையில் ஒரு வண்டியும் இல்லை.
கண்ணாடிக்குள் சிவப்பாக எரிந்தது: −20.

பின்னேரம் சேற்றோடு பூச்சியம் வைத்தது நான்தான்.
மழை சேற்றைக் கழுவிக்கொண்டு போக
அது இருந்த பாரம்
மறையாக நிற்கிறது.

"கிடக்கட்டும்" என்றார் மனேஜர், தேத்தண்ணியை ஆற்றியபடி.
வெறும் வண்டியின் நிறை புத்தகத்தில் இருக்கிறது,
மறுபடி நிறுக்க மாட்டோம்.
பெட்டிக்கு இருபது கிலோ. விடியுமுன் முப்பது பெட்டி.
பெருக்கல் எனக்கும் வரும்.

இறக்காமத்திலிருந்து உதுமாலெவ்வையின் மெசின்
கேற்றடியில் வந்து உறுமியது.
"ஏத்தவா புள்ள?"
"கொஞ்சம் நில்லுங்க காக்கா, தராசுக்குக் காய்ச்சல்."
பூச்சியப் பொத்தானை அமத்தினேன்.
பின்னால் கோப்பை
வைக்க வேண்டியதைவிடப் பலமாக மேசையில் வைபட்டது.
நான் திரும்பவில்லை.

மறை இருபதுக்குப் பக்கத்தில் எழுதினேன்: பொருந்தாது.
தாளைப் புரட்டி
அவர் பெயர், நெல்லின் இனம், முழு நிறை.
கிழித்துக் கொடுத்து
மெசின் வெளிச்சம் வளைவில் மறைந்த பிறகுதான் நினைவு வந்தது,
முதல் வரியிலிருந்து கடைசி வரை
என் கணக்கு
அவருடைய சட்டைப் பையில் இறக்காமம் போகிறது.