கடன் வாங்கிய ரிலே

ஓடும்போது ஒன்றுமில்லை.
அந்தோஃபகாஸ்தாவின் கடற்கரைச் சாலையில்
காற்றே வந்து ரேடியேட்டரைத் தடவிக்கொடுக்கும்.
சிக்னலில் நின்றால்தான்
முள் ஏறத் தொடங்குகிறது.

ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டேன்,
இஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் நாங்கள் வாங்கிக்கொள்ள.
ஜனவரி வெயில்.
பின்சீட்டில் எலெயூத்தேரியோ
மீன்பையை மடியில் இறுக்கியபடி
"யாஸ்னா, முதலில் வேகப்போவது
நானா, மீனா?" என்றார்.

ஓரங்கட்டினேன்.
ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது.
பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து
நேராகக் கொடுத்தேன்.
சட்டென்று சுற்றியது விசிறி,
இத்தனை நாள் யாரும் கூப்பிடவில்லையே
என்கிற கோபத்தோடு.

அப்படியானால் மோட்டார் சாகவில்லை.
நடுவில் எவனோ சேதி சொல்லவில்லை.

பெட்டிக்குள் அருகருகே இரண்டு ரிலே,
ஒரே அச்சு, ஒரே எண்.
ஒன்று விசிறிக்கு, ஒன்று ஹாரனுக்கு.
மாற்றிச் செருகினேன்.
டிக்.
முள் இறங்க இறங்க
எலெயூத்தேரியோ மீனோடு சேர்த்துக் கைதட்டினார்.

புது ரிலே வெள்ளிக்கிழமை வாங்கலாம் என்றிருந்தேன்.
மூன்று வெள்ளி போய்விட்டது.
குறுக்கே வரும் நாய்க்கும் பஸ்ஸுக்கும்
ஜன்னலில் தலைநீட்டி
நானே கத்துகிறேன்.
கெட்ட வார்த்தைகள் தீர்ந்து
புதிதாக இரண்டு செய்துகொண்டேன்.

முன்பெல்லாம் வாசலில் ஒரு ஹாரன் அடிப்பேன்,
மகன் வந்து கேட்டைத் திறப்பான்.
இப்போது சாவியை எடுத்துவிட்டுச்
சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.
அணைந்த வண்டிக்குள்
விசிறி தனியாக உறுமுகிறது.

செருப்புச் சத்தம் கேட்கிறது.